முதல் கொலை வழக்கு கைக்கு வந்தால்: எதிரித் தரப்பு வக்கீலுக்கான முழு வழிகாட்டி

செஷன்ஸ் கோர்ட்டுக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வழக்குக் கட்டு கைக்கு வந்த அன்றைக்கே குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். சாட்சிக் கூண்டில் நடப்பது வேலையில் பாதிகூட இல்லை. அதற்கு முன்னால் என்னென்ன, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும் கொலை வழக்கை மனதில் வைத்து எழுதியது இது. எதிரி என்று நான் சொல்வது குற்றம் சாட்டப்பட்டவரை.

1. வக்காலத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சன்னத் (வக்கீல் பதிவுச் சான்று) வாங்கி, அகில இந்தியப் பார் தேர்வில் தேறிவிட்டால் சட்டப்படி நீங்கள் கொலை வழக்கு நடத்தலாம். நடத்த முடியுமா என்பது வேறு. குறைந்தது நான்கைந்து செஷன்ஸ் வழக்குகளிலாவது முதல் சாட்சியிலிருந்து தீர்ப்பு வரை சீனியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முக்கியமான வாய்தாக்களுக்கு மட்டும் போய்ப் பார்ப்பது இதில் சேராது. முதல் சாட்சியிடம் விட்ட ஒரு சொல் பதினைந்தாவது சாட்சியிடம் எப்படிப் பிரச்சினையாகிறது என்பது முழுதாக இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சீனியர் ஆபீசில் கொலை வழக்கே வராது என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 2022-க்குப் பிறகு பல மாவட்டங்களில் ஏழை எதிரிகளுக்காக முழு நேர வக்கீல்களை நியமிக்கிறார்கள். பணம் குறைவு, வழக்கு அதிகம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மேஜையில் பழைய சட்டம் மூன்று, புதிய சட்டம் மூன்று, இரண்டு செட்டும் வேண்டும். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் குற்றப் பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. அன்றோ அதற்குப் பின்னோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(1). அன்றைய தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடரும். சம்பவம் பழையது, எஃப்.ஐ.ஆர். மட்டும் அந்தத் தேதிக்குப் பிறகு போட்டது என்றால் குற்றம் பழைய சட்டத்தில், நடைமுறை புதிய சட்டத்தில். மனுவில் பிரிவு எண்ணை மாற்றிப் போட்டுத் திரும்பி வரும் கட்டுகள் இன்னும் குறையவில்லை. கீழே நான் சொல்லும் எண்கள் எல்லாம் புதிய சட்டங்களின் எண்கள்; சட்டத்தின் பெயர் சொல்லாத இடத்தில் அது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்.

"கொலைகாரனுக்கா ஆஜராகிறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். சில சமயம் சங்கமே கேட்கும். குறிப்பிட்ட எதிரிகளுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில்தான். ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கு என்று தேடினால் கிடைக்கும். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

2. சிறைக்குப் போங்கள், முழுக் கதை கேட்காதீர்கள்

முதல் வேலை கட்சிக்காரரைப் பார்ப்பது. வக்காலத்தில் அவர் கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரியிடம் சான்று பெறுங்கள். அண்ணன், மாமன், கட்சிப் பிரமுகர் என்று வெளியில் யார் சொன்னாலும், உங்களை அமர்த்துவது உள்ளே இருப்பவர்தான். இதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துவராமல் போகும்போது உங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

முதல் சந்திப்பில் "நீங்கள் செய்தீர்களா?" என்று கேட்க வேண்டாம். ஆவணம் எதுவும் உங்கள் கையில் இல்லாத நேரத்தில் அவர் ஒரு கதை சொல்வார், பிறகு அந்தக் கதையைக் காப்பாற்றுவதே உங்கள் வேலையாகிவிடும். கேட்க வேண்டியவை வேறு. எப்போது, எங்கே, யார் பிடித்தார்கள், நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் எப்போது நிறுத்தினார்கள், உடம்பில் காயம் உண்டா, எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, செல்போன் யாரிடம் இருக்கிறது? கைது ஒரு நாள் முன்னால் நடந்து, காகிதத்தில் மறுநாள் என்று இருப்பது உண்டு. அந்த ஒரு நாள் பின்னால் பொருள் கைப்பற்றிய கதையையே அசைத்துவிடும்.

அவராகவே "நான்தான் வெட்டினேன்" என்று சொல்லிவிட்டால்? வழக்கை விட வேண்டியதில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 132 உங்கள் வாயைக் கட்டியிருக்கிறது. அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்ததா என்று நீங்கள் தாராளமாக வாதாடலாம். ஆனால் பொய் என்று தெரிந்தே "அவர் அன்று திருப்பூரில் இருந்தார்" என்று சாட்சி போடக் கூடாது, வேறொருவரைக் கொலையாளி என்று கைகாட்டவும் கூடாது.

3. எத்தனை எதிரிக்கு ஒரு வக்கீல்?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஐந்து எதிரிகள், ஒரே ஊர், ஒரே குடும்பம், ஒரே ஃபீஸ். "எல்லாருக்கும் நீங்களே பாருங்க சார்" என்பார்கள். ஒத்துக்கொள்ளத் தோன்றும்.

எதிரி 1-இன் கையில் அரிவாள், எதிரி 4 வெறுமனே நின்றார் என்பது அரசுத் தரப்புக் கதை என்று வையுங்கள். எதிரி 4-க்கு நல்ல வாதம், மற்றவர்களோடு சேர்ந்து கொல்லும் பொது எண்ணமே தனக்கு இல்லை என்பது. அந்த வாதத்தை எடுத்த நிமிடமே எதிரி 1 வெட்டியதைப் பாதி ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு பேருக்கும் ஒரே வாய் பேச முடியாது. முதல் தகவல் அறிக்கையைப் படித்ததுமே ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்ட செயல் என்ன என்று எழுதிப் பார்த்து, மோதல் வரும் என்றால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பாதி வழக்கில் விலகினால், உங்களுக்குத் தெரிந்த ரகசியத்தால் யாருக்குமே ஆஜராக முடியாமல் போகலாம்.

4. ஜாமீன்: நாளை எண்ணுவதும், காத்திருப்பதும்

கொலை வழக்கில் வழக்கமான ஜாமீனை செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோதான் கேட்க வேண்டும், பிரிவு 483-இன் கீழ். அவசரப்பட்டு ரிமாண்ட் ஆன மறுநாளே மனுப் போடுவதில் இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1982-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 14, அதாவது எல்லோரும் சொல்லும் குண்டாஸ். சிறையில் இருப்பவர் மீதே தடுப்புக் காவல் ஆணை போடலாம், அதிகபட்சம் 12 மாதம். ஆணையில் சொல்லும் காரணம், "ஜாமீன் மனு நிலுவையில் உள்ளது, வெளியே வர வாய்ப்புண்டு" என்பது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது அந்தக் காரணம் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரேகா வழக்கில் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு. கட்சிக்காரருக்குப் பழைய வழக்குகள் இருந்தால் மனுவை எப்போது போடுவது என்பதை யோசித்தே முடிவெடுங்கள். ஆணை வந்துவிட்டால் உடனே அரசுக்கு முறையீடு அனுப்புங்கள், அப்புறம் ஆட்கொணர்வு மனு. முறையீட்டைப் பரிசீலிப்பதில் அரசு காட்டும் விளக்கமில்லாத தாமதத்தால் ரத்தான ஆணைகள் நிறைய.

இன்னொரு கதவு, 90 நாள் ஜாமீன். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் பிரிவு 187-இன்படி ஜாமீன் உரிமை. இதை ரிமாண்ட் செய்த நடுவரிடமே கேட்க வேண்டும். கொலை வழக்காயிற்றே என்று செஷன்ஸுக்கு ஓடி ஒரு நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது. ஜனவரி 1 ரிமாண்ட் என்றால், லீப் வருடம் இல்லாவிட்டால், மார்ச் 31 தொண்ணூறாவது நாள். ஏப்ரல் 1 காலை கோர்ட் திறக்கும்போது உங்கள் மனு பெஞ்ச் கிளார்க் மேஜையில் இருக்க வேண்டும். மதியம் குற்றப்பத்திரிகை வந்தாலும், முந்திப் போட்ட மனுவின் உரிமை போகாது. மனுவே போடாமல் இருந்தால் போய்விடும். ஜாமீன்தாரர்களையும் முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். ஆணை கிடைத்தும் நிபந்தனையை நேரத்தில் நிறைவேற்றாமல் உரிமையைக் கைவிட்டவர்களும் உண்டு.

குடும்பத்திடம் "அடுத்த வாரம் வெளியே கொண்டுவந்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

5. நகல்களை வாங்கிக் கணக்குப் பாருங்கள்

குற்றப்பத்திரிகை வந்ததும் நடுவர் கோர்ட்டில் பி.ஆர்.சி. எண் (செஷன்ஸுக்கு அனுப்பும் முன் வழக்குக்குத் தரும் பதிவு எண்) விழும். எதிரி ஆஜரான 14 நாளுக்குள் நகல்கள் தர வேண்டும், பிரிவு 230. நகல் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிடுங்கள். பக்கம் தெரியாத ஜெராக்ஸ், பாதி வெட்டுப்பட்ட மகஜர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு), வராத சி.டி., எல்லாவற்றையும் எழுதி மனுவாகக் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு "எனக்குக் கிடைக்கவில்லை" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

போலீஸ் கைப்பற்றிவிட்டு, தனக்குப் பயன்படாது என்று ஒதுக்கி வைத்த ஆவணங்களும் இருக்கும். அவற்றின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் விதிமுறை வகுத்தது. கேளுங்கள். ஒதுக்கி வைத்ததில்தான் சில நேரம் நமக்கு வேண்டியது இருக்கும். பிரிவு 105-இன்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் புதிது. அந்த வீடியோவைக் கேட்டு மனுப் போட்டால், "இருக்கிறது" என்று தருவார்கள், அல்லது "இல்லை" என்று எழுதித் தருவார்கள். இரண்டுமே நமக்குப் பயன்தான்.

6. நேரப் பட்டியல்: இரண்டு இரவுகள் இதற்கே

என் கணக்கில் கொலை வழக்கின் முதுகெலும்பு இதுதான். ஒரு பெரிய தாளை எடுத்து, ஒவ்வொரு ஆவணத்திலும் இருக்கும் தேதியையும் மணியையும் வரிசையாக எழுதுங்கள். சம்பவம் எத்தனை மணி, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (காயத்தோடு வந்தவரைப் பற்றி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவு) போட்டது எத்தனை மணி, புகார் எத்தனை மணி, முதல் தகவல் அறிக்கை நடுவர் கைக்கு வந்தது எத்தனை மணி, பார்வை மகஜர், பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை, கைது, கைப்பற்றுதல், சாட்சிகளின் வாக்குமூலம் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த தேதி.

எழுதி முடித்ததும் ஓட்டைகள் தாமாகத் தெரியும். இரவு 9.30-க்குச் சம்பவம், 11 மணிக்கு எஃப்.ஐ.ஆர்., ஸ்டேஷனிலிருந்து நடுவர் வீடு நடக்கும் தூரம், ஆனால் நடுவரின் கையொப்பத்தில் மறுநாள் மதியம் 2 மணி. இடைப்பட்ட பதினைந்து மணி நேரத்தில் என்ன நடந்தது? நடுவர் தன் கையால் எழுதிய நேரத்தைப் போலீஸ் மாற்ற முடியாது, அதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. முன்தேதியிட்ட எஃப்.ஐ.ஆரைக் கண்டுபிடிக்கும் சோதனைகளாக, நடுவருக்குப் போன நகலின் நேரத்தையும் பிரேத விசாரணை அறிக்கையோடு எஃப்.ஐ.ஆர். விவரம் போனதா என்பதையும் உச்ச நீதிமன்றம் 1994-இல் மெஹராஜ் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. புகார் கொடுப்பதிலேயே ஏற்பட்ட தாமதத்துக்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது: 1972-ஆம் வருடத்து துலியா காளி. ஸ்டேஷன் இரண்டு மைல் தூரத்தில் இருந்தும் இருபது மணி நேரத்துக்கு மேல் கழித்துப் புகார் போயிருந்தது.

ஏ.ஆர். காப்பியைத் தனியாகப் படியுங்கள். "தெரிந்த இரண்டு பேர் அரிவாளால் வெட்டியதாக" என்று டாக்டர் முதலில் எழுதியிருப்பார், குற்றப்பத்திரிகையில் ஆறு பேர் இருப்பார்கள். அதை டாக்டரிடம் யார் சொன்னது என்று பாருங்கள். கூட வந்தவர் சொன்னது என்றால் அவரை மட்டும் மறுக்கப் பயன்படும். காயம்பட்டவரே சொல்லி அப்புறம் இறந்திருந்தால் அது மரண வாக்குமூலமாகவே ஆகலாம், அப்போது உங்கள் கட்சிக்காரர் பெயர் அதில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

வாக்குமூலங்களில் உள்ள கோர்ட் முத்திரையையும் பாருங்கள். சம்பவத்தன்றே விசாரித்ததாகச் சொல்லும் கண்கண்ட சாட்சியின் வாக்குமூலம் மூன்று மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையோடு சேர்ந்து வந்திருந்தால், அதை எப்போது எழுதினார்கள் என்று கேட்க இடமிருக்கிறது.

7. சம்பவ இடத்துக்குப் போங்கள், அதே நேரத்தில்

பகலில் போய்ப் பயனில்லை. சம்பவம் இரவு 9.30 என்றால் இரவு 9.30-க்குப் போங்கள். போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாட்சி நின்றதாகச் சொல்லும் இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். நடுவில் சுவர் இருக்கிறதா? தெருவிளக்கு எங்கே? வரைபடத்தில் விளக்குக் கம்பம் காட்டியிருக்கிறார்களா? அன்று அந்தப் பகுதியில் மின்தடை இருந்ததா என்று மின்வாரிய அலுவலகத்தில் ஆவணம் கேட்கலாம். அன்றைய திதியையும் பார்த்துவிடுங்கள், நாள்காட்டி போதும்.

தனியாகப் போகாதீர்கள். அரசுத் தரப்புச் சாட்சிகளிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்காதீர்கள். சாட்சியைக் கலைத்தார் என்று ஒரு புகார் வந்தால் ஜாமீனும் போகும், உங்கள் பெயரும் போகும்.

8. விடுவிப்பு மனு

நடுவர் வழக்கை செஷன்ஸுக்கு அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு (சாட்சி விசாரணைக்கு முன்பே எதிரியை வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது) போட வேண்டும், பிரிவு 250. கொலை வழக்கில் முதன்மை எதிரிக்கு இது கிடைப்பது அபூர்வம். உங்கள் வாதங்களை எல்லாம் இங்கே கொட்டினால் ஓட்டை எங்கே என்று அரசுத் தரப்புக்கு நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. ஒப்புதல் வாக்குமூலத்தைத் தவிர வேறெதுவுமே இல்லாத எதிரிக்கு மட்டும் போடுங்கள்.

9. எந்தக் கட்சி என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

கட்சி என்றால் எதிரித் தரப்பில் நாம் சொல்லப்போகும் பதில். முதல் சாட்சி ஏறுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். "அவர் அங்கே இல்லை." "இருந்தார், ஆனால் திடீர்ச் சண்டை." "சாட்சிகள் பார்க்கவே இல்லை, பின்னால் சேர்க்கப்பட்டார்கள்." "தற்காப்பு." இவற்றில் ஒன்றுதான். அவர் அங்கே இல்லை என்பது உங்கள் கட்சி என்றால், டாக்டரிடம் "இந்தக் காயம் கைகலப்பில் ஏற்பட்டிருக்கலாமா?" என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியே அவரைச் சம்பவ இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நியாய சன்ஹிதாவின் 103-லிருந்து (கொலை) 105-க்கு (கொலையாகாத மரணம் விளைவித்தல்) இறக்குவதே நல்ல முடிவு என்று சில வழக்குகளில் தெரியும். கொலைக்குக் குறைந்தபட்சமே ஆயுள். 105-இல், மரணம் விளைவிக்கும் எண்ணம் இருந்தால் ஆயுள் அல்லது 5 முதல் 10 வருடம், மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் என்றால் 10 வருடம் வரை. கட்சிக்காரரிடம் இந்தக் கணக்கைப் புரியும்படி சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள். பல வருடம் அடி வாங்கிய பெண் எதிரியாக இருந்தால், சென்னை உயர் நீதிமன்றம் 1989-இல் சுயம்புக்கனி வழக்கில் நல்லதங்காள் கதையை எடுத்துக்காட்டி ஏற்றுக்கொண்ட நீடித்த ஆத்திரமூட்டல் என்ற வாதத்தைப் பாருங்கள். அந்தக் கதை தெரியாத ஊர் வக்கீல்களுக்கு இந்த வாதம் கிடைத்திருக்காது.

10. குறுக்கு விசாரணை

முதல் விசாரணை (சாட்சியிடம் அரசு வக்கீல் முதலில் கேட்பது) முடிந்ததும் வாய்தா கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2015-இல் வினோத் குமார் வழக்குக்குப் பிறகு, அன்றைக்கே குறுக்கு விசாரணை செய்யுங்கள் என்று நீதிபதி சொன்னால் அதில் தவறு காண முடியாது. தயாராகவே போங்கள்.

சாட்சி கோர்ட்டில் "எதிரி 1 கழுத்தில் வெட்டினார்" என்கிறார். போலீஸ் வாக்குமூலத்தில் "பல பேர் சேர்ந்து வெட்டினார்கள்" என்று மட்டும் இருக்கிறது. இங்கே என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பத்தில் எட்டு ஜூனியர்கள் தவறுகிறார்கள். முதலில், கோர்ட்டில் சொன்னதை அவர் வாயாலேயே உறுதி செய்யுங்கள். அடுத்து, "போலீஸ் விசாரித்தபோது எதிரி 1 கழுத்தில் வெட்டியதாகச் சொல்லவில்லை என்றால் சரியா?" என்று கேளுங்கள். அவர் "சொன்னேன்" என்பார். அது பதிவாகட்டும், சண்டை போட வேண்டாம். பல மாதம் கழித்துப் புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறுவார். அப்போது "சாட்சி 2 உங்கள் விசாரணையில் அப்படிச் சொல்லவில்லை" என்று அவரிடம் கேட்டு, அவர் "ஆம், சொல்லவில்லை" என்று சொல்லிப் பதிவானால்தான் முரண்பாடு நிரூபணமாகிறது. முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் ஒன்றுமே செய்யாததற்குச் சமம். அதனால் சாட்சி வாரியாக ஒரு நோட்டுப் போட்டு, அதிகாரியிடம் கேட்க வேண்டியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள்.

விடுபட்டது ஒன்று, மாறிச் சொன்னது வேறு. வாக்குமூலத்தில் வேறு விதமாகவே சொல்லியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் காட்டி, அதிகாரி மூலம் எதிரித் தரப்புச் சான்றாவணமாகக் குறியிட வேண்டும். எல்லா விடுபாடும் முரண்பாடு ஆகாது. சட்டையின் நிறத்தைச் சொல்லவில்லை என்று அரை மணி நேரம் கேட்டால், நல்ல பாயிண்டையும் நீதிபதி கவனிக்காமல் விட்டுவிடுவார்.

இன்னொரு தவறு. புகார் கொடுத்தவர் சாட்சி 1. அந்தப் புகாரை வைத்துச் சாட்சி 2-ஐ மடக்கப் பார்ப்பார்கள். முதல் தகவல் அறிக்கை அதைக் கொடுத்தவரை மறுக்க மட்டுமே. அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்ததும் முகம் சிவந்து உட்கார்ந்த ஜூனியர்களை அடிக்கடி பார்க்கலாம்.

விடை தெரியாத கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். என் ஆரம்பகால வழக்கு ஒன்றில் இருட்டை நன்றாக நிறுவிவிட்டேன். விளக்கு இல்லை, அமாவாசை, இருபது மீட்டர் தூரம், எல்லாம் பதிவாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்படியானால் எப்படி அடையாளம் தெரிந்தது?" என்று ஒன்று கூடுதலாகக் கேட்டேன். "அவன் என் அக்கா மகன் சார். சின்ன வயசிலிருந்து என் வீட்டில் வளர்ந்தவன். குரல் தெரியாதா?" என்றார். அதுவரை குரல் என்ற சொல்லே வழக்கில் எங்கும் இல்லை. இருட்டு போதும் என்றால், அதை வாதத்துக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசியில் உங்கள் கட்சியைச் சாட்சியிடம் போட்டுவிட வேண்டும். "எதிரியோடு நிலத் தகராறு இருப்பதால் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்றால் சரியா?" அவர் "சரியல்ல" என்பார். பரவாயில்லை. அதைப் போடாமல் விட்டால், வாதத்தில் முதல்முறையாகக் கிளப்புகிறீர்கள் என்று சொல்வார்கள்.

சாட்சி பிறழ்ந்துவிட்டால் கொண்டாடாதீர்கள். பிறழ் சாட்சி சொன்னதிலும் நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்த பிறகு சாட்சி நமக்கு எதிராக எதுவும் சொல்லியிருக்காவிட்டால் "கேள்வி இல்லை" என்று சொல்லி முடியுங்கள்.

ஒரே ஒரு கண்கண்ட சாட்சிதான் என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வடிவேலு தேவர் வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் எண்ணிக்கை முக்கியமில்லை, தரம்தான் என்று சொல்லிவிட்டது. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் உள்ளவர் என்று மூன்று வகை. உங்கள் வேலை அவரை மூன்றாவது வகைக்காவது தள்ளுவது. அப்போதுதான் வேறு சான்று தேவைப்படும்.

11. டாக்டர், கிராம நிர்வாக அலுவலர், மின்னணுச் சான்று

பிரேதப் பரிசோதனை டாக்டரிடம் நிறையக் கேட்க வேண்டாம். இரைப்பையில் என்ன இருந்தது, இறந்து எவ்வளவு நேரம், எத்தனை காயம், கைப்பற்றிய அரிவாளை அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்களா? சாட்சி ஆறு வெட்டு என்று சொல்லி உடலில் இரண்டு காயம்தான் என்றால் அந்த எண்ணை மட்டும் பதிய வைத்துவிட்டு விடுங்கள்.

கைப்பற்றுதலுக்கு வழக்கமாகக் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிகள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. அதன் விளைவாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சிய அதினியத்தின் பிரிவு 23-இன் விதிவிலக்கில் செல்லும். 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் புலுகுரி கோட்டய்யா வழக்கில் சொன்னது இன்றைக்கும் சட்டம். முழு ஒப்புதலையும் குறியிட முயன்றால் அந்த நிமிடமே எழுந்து ஆட்சேபியுங்கள், ஆட்சேபம் பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள். அந்த இடம் எல்லாரும் போய்வரும் குளத்தங்கரையா, அன்று அந்த அலுவலர் வேறு ஊரில் டியூட்டியில் இருந்தாரா என்று கேளுங்கள்.

கேமரா பதிவு, செல்போன் அழைப்பு விவரம் என்றால் சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-இன் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய படிவத்தில் இரண்டு பகுதி, இரண்டாவதில் நிபுணரின் கையெழுத்தும் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) வேண்டும். ஆட்சேபத்தைக் குறியிடும்போதே சொல்லுங்கள், வாதம் வரை காத்திருக்காதீர்கள்.

12. நீதிபதி கேட்கும் கேள்விகள், பிரிவு 351

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரியிடமே கேள்வி கேட்பார். பழைய 313. "எல்லாத்துக்கும் பொய் என்று சொல்" என்று வராந்தாவில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது நம் ஊர் வழக்கம். ரத்தம் படிந்த சட்டை, வீட்டுக்குள் நடந்த மரணம் மாதிரி எதிரி மட்டுமே விளக்கக்கூடிய விஷயங்களில் வெறும் "பொய்" எதிராகத் திரும்பும். முந்தைய வாரமே சிறைக்குப் போய் அவருடைய விளக்கம் என்ன என்று கேட்டு, அதை எழுத்து வாக்குமூலமாகத் தாக்கல் செய்யுங்கள், பிரிவு 351(5) அதற்கு வழி வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், எந்த எதிரான சூழ்நிலை கேட்கப்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்காத சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1984-ஆம் வருடத்து சரத் சார்தா தீர்ப்பு சொல்கிறது. சூழ்நிலைச் சான்றின் ஐந்து கோட்பாடுகளும் அதே தீர்ப்பில்தான்.

எதிரித் தரப்புச் சாட்சி போடலாமா? கட்சிக்காரரின் மைத்துனரைக் கூண்டில் ஏற்றாதீர்கள். மின்வாரியப் பதிவேடு, ஆம்புலன்ஸ் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவேடு மாதிரி ஆவணத்தோடு வரும் அரசு ஊழியர் என்றால் போடுங்கள்.

13. வாதமும் தீர்ப்பு நாளும்

வாய்வாதத்தோடு எழுத்து வாதமும் கொடுங்கள். சாட்சி எண், பக்கம், வரி என்று குறிப்போடு. தீர்ப்பு எழுதும் இரவில் நீதிபதி கையில் இருப்பது அதுதான், உங்கள் குரல் இருக்காது. நேரப் பட்டியலை முதல் பக்கத்தில் வைப்பது என் பழக்கம்.

குற்றவாளி என்று சொன்ன பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்பார்கள், பிரிவு 258. "குறைந்தபட்சத் தண்டனை கோருகிறேன்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்கு என்றால் அவகாசம் கேளுங்கள். சிறை நடத்தை, மனநலம், குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கைகளை வரவழைக்க வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தண்டனை என்றால் தீர்ப்பின் இலவச நகலை அன்றே வாங்குங்கள். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். ஆயுள் தண்டனையை செஷன்ஸ் கோர்ட் நிறுத்தி வைக்க முடியாது, பிரிவு 430-இன்படி உயர் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். விசாரணைக் கட்டின் முழு நகலையும் சேர்த்து மேல்முறையீட்டு வக்கீலிடம் கொடுங்கள், உங்கள் கையெழுத்துக் குறிப்புகளோடு.

விடுதலை என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மேல் கோர்ட் அழைத்தால் வருவேன் என்று ஆறு மாதத்துக்கான பிணையப் பத்திரம் பிரிவு 481-இன்படி எழுத வேண்டியிருக்கும். ஜாமீன்தாரர்கள் அன்று கோர்ட்டில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் என்றால் விடுதலை ஆணை சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சாயங்காலம் போன் செய்து கேட்டுவிடுங்கள், வேறு வழக்கில் வாரண்ட் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து.